பவுடர் பனிக்கு இவ்வளவு பில்டப் தேவையா?

உலகத்திலேயே சிறந்த பனி தங்களிட்டத்தான் எண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலம் வாகன இலக்கத்தகட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. அது யாவாரம். அமுங்காத, ஆழமான பவுடர் பனியில் சறுக்குவது மேகத்தில் மிதப்பது மாதிரியாம். விழுந்தவர் இடுப்பளவு பனிக்குள் கழன்றுபோன ஸ்கீயைத் துழாவித் தேடுவதை எந்த விளம்பரமும் காட்டாது. அந்தப் புதுப்பனியும் பேர்போன மலைகளில் ஒரு காலைப்பொழுதுக்குத்தான். பிறகு எங்கும் ஆட்களின்ர தடம். அதனால்தான் 'முதல் தடம்' எண்ட வெறி.

சரி, மிதப்பு உண்மை எண்டே வைப்பம். என்ன விலைக்கு? 2012 பெப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் மலைக்குப் பின்னால் புதுப்பனி தேடி 16 பேர் போனார்கள். பெரும்பாலும் தேர்ந்த ஆட்கள். பனிச்சரிவு அபாயம் அண்டைய முன்னறிவிப்பிலேயே இருந்தது. மூன்று பேர் திரும்பவில்லை.