சிறுபான்மைக்குள் வாய் மூடச் சொல்லப்படும் சிறுபான்மை

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் சித்தி மகன் சாப்பிடும்போது கேட்டான். "அண்ணா, இந்துன்னு எழுதிக் குடுத்துட்டா எஸ்.சி. சர்ட்டிபிகேட் கெடைக்கும்னு சொல்றாங்க. வாங்கிடட்டுமா? கோயிலுக்குப் போறத யாரு வந்து பாக்கப்போறா?"

சோறு போட்டுக்கொண்டிருந்த சித்தி நிமிராமலே சொன்னார்: "சாமிய ஒளிச்சு வெச்சுட்டு எத்தன நாளைக்குடா கும்புடுவ?"

அன்றைக்கு என்னால் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நானும் அதே வீட்டுப் பிள்ளைதான். அப்பா பொய் எழுதித்தர மறுத்ததால் என் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றிருக்கிறது. அதே சேரியில், இரண்டு வீடு தள்ளி, அதே வேலை செய்து வளர்ந்த என் நண்பனுக்குப் பட்டியல் சாதி. எங்கள் இருவரையும் ஊர்த்தெருக்காரர்கள் ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அரசாங்கத்துக்குத்தான் நாங்கள் வேறு வேறு.

இந்த வேறுபாட்டை உண்டாக்கியது 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007 இல் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு அசையவில்லை. இதனால் இழப்பது இடஒதுக்கீட்டை மட்டுமல்ல. சாதிப் பெயர் சொல்லி அடித்தாலும், கிறிஸ்தவர் என்று தெரிந்துவிட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எழுத்தர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவர் உண்மையில் கிறிஸ்தவத்தைப் பின்பற்றுகிறார் என்று கண்டு, சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. தம்பி கேட்ட கேள்வியின் பின்னால் இந்தத் தீர்ப்பு நிற்கிறது. நம்பிக்கைக்கு விலை வைத்தது அரசு. அந்த விலையைக் கொடுக்க முடியாதவருக்கு மோசடிக்காரர் என்று பெயர்.

இப்போது எங்கள் கோயிலுக்குள் வருகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 6.1 விழுக்காடு. இந்த எண்கள் எங்கள் பிரசங்கங்களில் அடிக்கடி வருகின்றன. நாம் கொஞ்சம் பேர், காலம் கெட்டுக்கிடக்கிறது, ஒற்றுமையாக இருங்கள் என்கிறார்கள். பயம் பொய்யல்ல. உத்தரப் பிரதேசத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் 2024 இல் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனைவரை போய்விட்டது. பல மாநிலங்களின் இத்தகைய சட்டங்களில், மாறியவர் தலித்தாகவோ பழங்குடியாகவோ பெண்ணாகவோ இருந்தால் மாற்றியவருக்குக் கூடுதல் தண்டனை. சொந்தமாக யோசித்து மதத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இவர்களுக்கு இல்லை என்பதுதான் இதன் பொருள். 1935 இல் இயோலாவில் அம்பேத்கர் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்த நாட்டில் இப்படியொரு சட்டம்.

ஆனால் அந்தப் பயத்தை எங்கள் பங்கில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். திருவிழாத் தேர் ஏன் எங்கள் தெருவுக்கு வருவதில்லை என்று இளைஞர்கள் கேட்டோம். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஏன் சுவர் என்று கேட்டோம். ஊர்த்தெருப் பெரியவர் ஒருவர் சொன்ன பதில்: "தம்பி, இப்பப் போயி இதையெல்லாம் பேசலாமா? வெளிய இருக்கிறவன் நம்மள அடிக்கக் காத்துக்கிட்டிருக்கான்."

அடி யார் மேல் விழும்? 2008 இல் ஒடிசாவின் கந்தமாலில் எரிந்த வீடுகளில் பெரும்பாலானவை தலித், பழங்குடிக் கிறிஸ்தவர்களுடையவை. கூரை போட்ட ஜெபவீட்டை இடிப்பது எளிது, நகரத்துப் பேராலயத்தைத் தொடுவது கடினம். ஆபத்தை முதலில் வாங்குகிறவர்களைப் பார்த்துத்தான், பாதுகாப்புக்காக வாயை மூடு என்கிறார்கள்.

அதே 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். ஒரே மாதாவைக் கும்பிட்டவர்களுக்கிடையே மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். கிறிஸ்தவர்களுக்குள் சாதி இருப்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத இரகசியமா என்ன?

மறைப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று வழக்குப் போட்டார். 1985 இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மதம் மாறியபின்னும் அதே இழிவு அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்றது. அந்த ஆதாரம் எங்கள் கல்லறைச் சுவரில் இருக்கிறது. அது வெளியே தெரியக் கூடாது என்று மூடினால், நீதிமன்றத்தில் எங்கள் வழக்கைத் தோற்கடிப்பது எங்கள் திருச்சபையே. 2016 இல் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஆவணம் திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆவணத்தில் ஒப்புக்கொண்டதைப் பங்குப் பேரவையில் சொன்னால் ஏன் குற்றம்?

முற்போக்குத் தோழர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை. "இன்னுமா கோயிலுக்குப் போறீங்க தோழர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறீர்கள். பண்ணையார் வீட்டுச் சின்னப்பிள்ளைகள்கூட என் பாட்டியை "ஏய்" என்றுதான் கூப்பிட்டன. அவர் பெயரை முழுதாக எழுதிவைத்த முதல் ஏடு கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. சேற்றில் நின்றுவிட்டு வந்து இரவில் ஜெபமாலை சொன்ன அவர், எண்ணிக்கை பார்த்து விசுவசித்தவர் அல்ல. ஊரிலும் சிறுபான்மை, கோயிலிலும் சிறுபான்மை. ஆனாலும் தன்னைப் படைத்தவர் முன்னால் தான் யாருக்கும் கீழல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த நம்பிக்கையை நான் விடத் தயாராக இல்லை. சாதி ஒழிப்புக்கு அது எனக்குத் தடையாக இருந்ததும் இல்லை.

கொஞ்சம் பேராக இருக்கும்போது விசுவாசத்தைக் காப்பது எப்படி என்று கோயில்களில் கருத்தரங்கம் நடக்கிறது. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாதிப் பேரைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நாம் கொஞ்சம் பேர் என்று அழுவதை நிறுத்த வேண்டும். மூன்றாவது பத்தியை நீக்கு என்று டெல்லியிடம் கேட்கும் வாய், சுவரை இடி என்று ஆயரிடமும் கேட்க வேண்டும். முதல் கோரிக்கைக்கு ஊர்வலம் வரும் ஆயர்கள் இரண்டாவதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

தம்பிக்குப் பிறகு போனில் பேசினேன். முடிவு உன்னுடையது, எதைச் செய்தாலும் குற்றவாளி நீயில்லை என்றேன். விண்ணப்பத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றான். ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் ஆர்ப்பாட்டத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கேட்டான்:

"அதுக்கு முன்னாடி அந்தச் சுவரப் பத்தி பங்குச்சாமிகிட்ட யாருண்ணா பேசுறது? நீயா, நானா?"

ரெண்டு பேருமே போகலாம் என்றேன்.