முதிய நாயும் நன்றி என்ற சொல்லும்

நாயைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கும் எவரும் மூன்றாவது வாக்கியத்துக்குள் 'நன்றி' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன். பள்ளிக் கட்டுரையிலிருந்து மேடைப் பேச்சுவரை நாய் நன்றியுள்ள பிராணி. இந்தப் பாராட்டு நாய்க்கு இதுவரை எந்த நன்மையும் செய்ததில்லை. வயதான பிறகு தெருவில் விடப்பட்ட நாய்க்கு அது நேரடியான தீங்காகவே முடிகிறது என்பது என் எண்ணம். கைவிடப்பட்ட முதிய நாய்களைச் சில மாதங்கள் வீட்டில் வைத்திருந்து, உடலைத் தேற்றி, வேறொரு வீட்டுக்குத் தத்துக் கொடுக்கும் வேலையில் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருவதால் இதைச் சொல்லத் துணிகிறேன்.

தத்தெடுக்க விரும்பி வருகிறவர்கள், நாயின் நோயைப் பற்றியோ செலவைப் பற்றியோ முதலில் கேட்பதில்லை. "இது பழைய ஓனரத்தானே நெனச்சுக்கிட்டிருக்கும்? எங்ககிட்ட ஒட்டுமா?" என்றுதான் கேட்கிறார்கள். குட்டியாக எடுத்து நம் கையால் சோறு போட்டு வளர்த்தால்தான் நமக்கு விசுவாசமாக இருக்கும் என்பது இக்கேள்விக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. அதாவது நன்றி என்பது ஒருவகை வட்டி. ஆறு வாரக் குட்டியிடம் போட்ட முதலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வட்டி வரும். பத்து வயது நாயின் கணக்கிலோ முதலை வேறு யாரோ போட்டுவிட்டார்கள், வட்டியும் அவர்களுக்கே. நம்மவர்கள் அன்பைப் பற்றிப் பேசும்போதுதான் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

இலக்கியமும் இதற்கு ஒத்தாசை செய்திருக்கிறது. ஹோமரின் ஒடிசியில், இருபது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும் ஒடிசியஸை ஆர்கோஸ் என்ற கிழட்டு நாய் அடையாளம் கண்டு, வாலை அசைத்துவிட்டு உயிரை விடுகிறது. பிச்சைக்காரன் வேடத்திலிருக்கும் ஒடிசியஸ் யாருமறியாமல் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். உலக இலக்கியத்தின் மகத்தான தருணங்களில் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நாய் எங்கே, எப்படிக் கிடந்தது என்பதையும் ஹோமர் சொல்லியிருக்கிறார்: சாணக் குவியலின் மேல், உடலெல்லாம் உண்ணி மொய்க்க. எசமானன் இல்லாததால் பணியாளர்கள் அதைக் கவனிப்பதில்லை என்றும் கதையிலேயே காரணம் கூறப்படுகிறது. நாம் வாலசைவை நினைவில் வைத்துக்கொண்டு உண்ணியை மறந்துவிட்டோம்.

ஹச்சிகோவின் கதையும் அப்படித்தான். தோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில், 1925இல் இறந்துபோன பேராசிரியர் உவேனோவுக்காக 1935இல் தான் சாகும்வரை காத்திருந்த அந்த அகிதா நாயைத் தெரியாதவர் இன்று குறைவு. அது உயிரோடிருந்தபோதே, 1934இல், அதற்குச் சிலை வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டுகளில் அது தங்கியிருந்த வீடு உவேனோவின் தோட்டக்காரராக இருந்தவருடையது. அந்தத் தோட்டக்காரரின் பெயர் கதையைச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் உடலில் இதயப்புழு இருந்ததும், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த உறுப்புகளை ஆராய்ந்து புற்றுநோயும் இருந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டதும் கதையின் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. (மகாபாரதத்தில் தருமனைப் பின்தொடர்ந்து மலையேறும் நாயோ கடைசியில் நாயே அல்ல, தருமதேவதை என்று தெரியவருகிறது. அங்கே உண்ணிப் பிரச்சினை எழ வழியில்லை.)

உண்ணியைப் பற்றியே சற்றுப் பேசலாம். சென்னையில் ஒரு பூங்கா வாசலில் கட்டிப்போடப்பட்டிருந்த லாப்ரடார் பெட்டை ஒன்று என்னிடம் வந்தபோது அவள் எடை 17 கிலோ. அந்த உடல்வாகுக்கு 25க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மடி தொங்கிப்போயிருந்ததைப் பார்த்த மருத்துவர், குட்டி விற்பதற்காகவே பலமுறை ஈனவைக்கப்பட்டவளாக இருக்க வேண்டும் என்றார். நகங்கள் வளைந்து பாதச் சதைக்குள் இறங்கியிருந்தன. ஈறு வெளுத்திருந்தது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி இரத்தத்தின் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அவளுக்கு நாற்பதாயிரம்தான் இருந்தது. குறைந்தது இரண்டு லட்சமாவது வேண்டும். இந்த நோய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தியெடுக்கும். எனவே முதலில் நாயைச் சாப்பிட வைத்தாக வேண்டும்.

இங்கேதான் இரக்கம் மட்டும் உள்ளவர்கள் ஆபத்தானவர்களாகிறார்கள். எலும்பும் தோலுமான நாயைக் கண்டதும் வயிறு முட்டச் சோறு போடத் தோன்றும். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களிடம் மருத்துவர்கள் கண்ட விபரீதம் இது. ஆகவே முதல் சில நாட்கள், தேவையில் மூன்றிலொரு பங்கு உணவை, நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேகவைத்துப் பிய்த்த கோழியும் குழைந்த சோறும், உள்ளங்கையளவு. அது தட்டை நக்கிவிட்டு நம்மை நிமிர்ந்து பார்க்கும்; பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

மற்றவை சிறிய வேலைகள். பளிங்குபோல் வழவழக்கும் ஓட்டுத் தரையில் மூட்டு தேய்ந்த நாயால் எழுந்து நிற்க முடியாது. கோணிச் சாக்கை விரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மூட்டுவலிக்கு நாம் போடும் இபுப்ரோஃபென் மாத்திரையை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ஏழெட்டு வயதுக்கு மேல் கண்மணியில் தெரியும் நீலப்புகை போன்ற மங்கல் பெரும்பாலும் கண்புரை அல்ல, வில்லை வயதாகி இறுகுவது. பார்வை அதனால் அதிகம் குறைவதில்லை. 'குருட்டு நாய்' என்று தத்தெடுக்காமல் திருப்பி அனுப்பப்பட்ட நாய் சுவரில் ஊரும் பல்லியைத் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இவளுக்கு ஒன்பதாவது வாரத்தில் இரத்த அளவுகள் தேறியதும் கருப்பையை எடுத்தார்கள். கருத்தடை செய்யப்படாத முதிய பெட்டைகளுக்குக் கருப்பையில் சீழ் கட்டும் அபாயம் உண்டு. அதே மயக்கத்திலேயே சொத்தையாகியிருந்த மூன்று பற்களையும் பிடுங்கினார்கள். அதன்பின் அவள் சாப்பிட்ட விதமே வேறு.

வந்த புதிதில் இரவெல்லாம் வாசற்கதவைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு மாமி அதைப் பார்த்துவிட்டு, "பாவம், வளத்தவாளையே நெனச்சுண்டிருக்கு. என்ன இருந்தாலும் நன்றியுள்ள ஜீவன்" என்று கண்கலங்கினார். காய்ச்சல் இறங்கிய வாரத்தில் அவள் அந்த இடத்தை விட்டுவிட்டுச் சமையலறை நிலைப்படிக்குக் குடிபெயர்ந்தாள். வாசற்கதவின் அடியில் இரவில் குளிர்ந்த காற்று வரும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. காய்ச்சல் கண்ட உடல் குளிர்ச்சியைத் தேடியிருக்கிறது. சமையலறையில் என்ன இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. அவளுக்குத் துக்கமே இல்லை என்று நான் வாதிடவில்லை. முகவாட்டமும் நடுக்கமும் இருக்கத்தான் செய்தன. ஆனால் அதைப் பழைய எசமானனுக்கான காத்திருப்பு என்று எழுதிவிடுவது நம்முடைய கதை ஆசை.

ஒருநாள் விருந்துக்கு வந்த நண்பர் விளையாட்டாக இந்தியில் "பைட்" என்றதும் அவள் சட்டென்று உட்கார்ந்தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் சொல்லிப் பார்த்த எதற்கும் அசையாதவள். யாரோ ஒருவர் என்றோ அவள் முன் குந்தி அமர்ந்து, பிஸ்கட்டை நீட்டி, பொறுமையாக அந்தச் சொல்லைக் கற்றுத் தந்திருக்கிறார். அவருக்கும் பூங்கா வாசலுக்கும் இடையில் எத்தனை கை மாறினாளோ. அதற்குப் பிறகும், இரண்டு மாதத்துக்குள், காலையில் நான் எழும் ஓசை கேட்டதும் அவள் வால் தரையில் தட்டத் தொடங்கியிருந்தது.

என் வாதம் இதுதான். ஒருவனுக்கே கட்டுப்பட்டுக் கிடப்பது நாயின் தனிக்குணம் அல்ல. அதைவிட அரியதாக எனக்குப் படுவது, கைவிடப்பட்ட பின்பும் மீண்டும் ஒட்டிக்கொள்ள முடிவதுதான். மீட்பு வேலையில் இருப்பவர்கள் இதற்கு ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: புதிய வீட்டில் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு. சில நாய்களுக்கு ஆறு மாதமும் ஆகும். ஆகாமலே போவது என் அனுபவத்தில் அபூர்வம். நன்றி என்ற சொல்லால் இதைச் சொல்ல முடியாது. அந்தச் சொல் பார்ப்பது பழைய கடனை மட்டும்தான்.

இதே காரணத்தால்தான், தேற்றிய நாயைத் தேற்றியவரே வைத்துக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை. "எப்படித்தான் மனசு வந்துச்சு குடுக்க?" என்று கேட்பார்கள். கேள்வியில் லேசாக ஒரு குற்றச்சாட்டும் இருக்கும். என் வீட்டில் இடம் ஒரு நாய்க்குத்தான். அவளை வைத்துக்கொண்டால் அடுத்ததற்குக் கதவு அடைபட்டுவிடும். காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. நூற்றுக்கணக்கான நாய்களின் குரைப்பும், சிமெண்டுத் தரையும், தொற்றும் சேர்ந்த இடத்தில் பத்து வயது நாய் தேறி வருவது கடினம். 1959இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற பழைய அமைப்புகளாலும் எல்லா நாய்களுக்கும் ஒரு தனியறையைத் தர இயலாது. இடைக்கால வீடு என்பது அந்தத் தனியறை. அறை காலியானால்தான் அடுத்த நோயாளிக்குக் கிடைக்கும். பிரிவு எனக்கு வலிக்கிறது. நாய் அதைச் சில வாரங்களில் கடந்துவிடுகிறது. இதில் யாருடைய வலியைப் பொருட்படுத்த வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

முதிய நாய் யாருக்குப் பொருந்தும் என்பதும் பேசப்பட வேண்டியது. அறுபத்தைந்து வயதில் ஒருவர் லாப்ரடார் குட்டியை வாங்கினால், அவருடைய எழுபத்தேழாம் வயதில் 30 கிலோ நாயைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருக்கும். குட்டி செருப்பைக் கடிக்கும், சங்கிலியை இழுத்து ஆளைக் கீழே தள்ளும். பத்து வயது நாய் நாளில் பாதிக்கு மேல் தூங்குகிறது. மீதி நேரத்தில் மெதுவாக நடக்கிறது. இவளை எடுத்துக்கொண்டவர்கள் தாம்பரம் பக்கம் சேர்ந்து வாழும், பணி ஓய்வு பெற்ற அக்கா தங்கை இருவர். மாத்திரை அட்டவணை, கோணிச் சாக்கு, எல்லா இரத்தப் பரிசோதனைத் தாள்களும், 'பைட்' என்ற சொல்லும் உடன் சென்றன. எதையும் மறைக்கவில்லை, மறைத்துக் கொடுக்கப்பட்ட நாய் திரும்பி வந்துவிடும். அங்கே பதினான்கு மாதம் இருந்தாள். அவ்வளவுதானா என்று சிலர் கேட்டார்கள். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. "அடுத்ததும் வயசானதா இருந்தாச் சொல்லுங்க தம்பி, குட்டி வேண்டாம்" என்றார்.

2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்கள் குறித்து ஓர் உத்தரவிட்டு, அதே மாதத்தில் அதைத் திருத்தியபோது எழுந்த வாக்குவாதங்களை வாசகர்கள் பின்தொடர்ந்திருக்கலாம். இரு தரப்பிலும் பேசப்பட்டது தெருவில் பிறந்த நாய்களைப் பற்றியே. வீட்டிலிருந்து தெருவுக்கு வந்தவற்றைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்தான். முதல்முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அவள் மாத்திரை அட்டை ஒன்றின் விலை அதைவிட அதிகம்.

அபராதத்தை உயர்த்தினாலும், யார் விட்டார்கள் என்று தெரியாதவரை அது காகிதத்திலேயே இருக்கும். சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியதை நான் வரவேற்பது இதனால்தான். தோலுக்கடியில் அரிசிமணி அளவில் செலுத்தப்படும் அந்தச் சில்லில் ஓர் எண் இருக்கும். கருவியைக் காட்டினால் பதிவு செய்தவர் யாரென்று தெரிந்துவிடும். இந்த உத்தரவு வந்தபோது தெரிந்தவர் ஒருவர், அவர் வீட்டு நாய்க்குப் பதினொரு வயதாகிறது, "இனிமே இதுக்குப் போய் எதுக்கு சார் சிப்பு?" என்று கேட்டார். நாய்கள் பூங்கா வாசலுக்கு வந்து சேரும் வயது அதுதான் என்று அவரிடம் சொன்னேன்.