வேகம் இருந்தால் போதுமா?

"பிராசசரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே பலரும் சொல்லத் தொடங்கும் வாசகம். கேம்ஸ் விளையாடவும் வீடியோ எடிட் செய்யவும் இது ஓரளவு உண்மை. ஆனால் கணக்குப் போடும் வேலையில், வேகத்தைக் கூட்டினால் விடையும் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். விஸ்கோஎலாஸ்டிக் திரவங்களின் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிப் பார்க்கும் சிமுலேஷனின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை தேனைப் போல ஓடவும் செய்யும். ரப்பரைப் போல பழைய நிலைக்குத் திரும்பவும் பார்க்கும். முட்டையின் வெள்ளைக்கரு, ஷாம்பு, உருக்கிய பிளாஸ்டிக் எல்லாம் இந்த ரகம்தான். தண்ணீருக்குள் ஒரு கம்பியை வேகமாகச் சுழற்றினால் நடுவில் பள்ளம் விழும். வெள்ளைக்கருவில் சுழற்றினால் அது கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்! உருக்கிய பிளாஸ்டிக்கைத் துளை வழியாகத் தள்ளினால், வெளியே வந்ததும் துளையின் அளவைவிடப் பருத்துவிடும். எவ்வளவு பருக்கும் என்று தெரியாமல் அச்சை வெட்டினால் பணம் வீண். அதனால்தான் முன்கூட்டியே சிமுலேஷன் செய்து பார்க்கிறார்கள்.

இதற்காக ஓட்டம் நடக்கும் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். தண்ணீர் என்றால் கட்டம் ஒன்றுக்கு 4 எண்கள் போதும்: மூன்று திசைகளில் வேகம், ஓர் அழுத்தம். விஸ்கோஎலாஸ்டிக் திரவத்துக்கு உள் இழுவிசைக்காக இன்னும் 6 எண்கள் சேர்ந்து 10 ஆகிவிடும். 10 லட்சம் கட்டங்களுக்கு 1 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் சுமார் 80 மெகாபைட். இது ஒரு கணத்து நிலையைச் சேமிக்க மட்டும்தான். இப்படி ஆயிரக்கணக்கான கணங்களைக் கணக்கிட வேண்டும். இங்கே வேகமும் ரேமும் தேவைதான், மறுக்கவில்லை.

ஆனால் 1970-களிலிருந்து இத்துறையினரை வாட்டியது வேகக் குறைவு மட்டுமல்ல. ஓட்டத்தில் ரப்பர் குணம் எந்த அளவுக்கு ஓங்கியிருக்கிறது என்பதைக் காட்ட வைசன்பெர்க் எண் என்று ஒன்று உண்டு. அது கொஞ்சம் உயர்ந்ததுமே புரோகிராம்கள் தாறுமாறான எண்களைத் தந்து நின்றுபோயின. கட்டங்களைப் பொடியாக்கியும், பெரிய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்தும் பிரச்சினை தீரவில்லை.

2004-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரானன் ஃபட்டல், ராஸ் குப்பர்மன் இருவரும் கோளாறு எங்கே என்று காட்டினார்கள். திரவத்தின் சில இடங்களில் இழுபடும் அளவு 10, 100, 1000 என்று பெருக்கிக்கொண்டே போகிறது. கட்டத்துக்குக் கட்டம் எளிய கோடுகளால் இணைத்துப் பார்க்கும் புரோகிராமால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அவர்கள் அந்த அளவுக்குப் பதிலாக அதன் லாகரிதத்தைக் கணக்கிட்டார்கள். 10, 100, 1000 என்பது 1, 2, 3 ஆகிவிட்டது. பள்ளியில் நாம் புரட்டிய லாக் டேபிளின் அதே தத்துவம்தான்! எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் முன்பு நின்றுபோன பல கணக்குகள் ஓடத் தொடங்கின. மாறியது மெஷின் அல்ல, யோசனை.

கணக்கு நிற்காமல் ஓடிவிட்டால் மட்டும் விடை சரியா? அதுவும் இல்லை. 1950-ல் ஓல்ட்ராய்டு தந்த புகழ்பெற்ற சமன்பாடு ஒன்று இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. திரவத்தை ஒரு வரம்புக்கு மேல் வேகமாக இழுத்தால் அதன் எதிர்ப்பு முடிவின்றி வளரும் என்கிறது அது. நிஜ மூலக்கூறு சங்கிலிகளின் நீளத்துக்கு எல்லை உண்டு என்பதால் நிஜத்தில் அப்படி நடக்காது. கம்ப்யூட்டருக்கு இது தெரியுமா? சொன்னதைக் கணக்கிட்டு, சிவப்பும் நீலமுமாக அழகான படத்தைத் திரையில் காட்டிவிடும். படம் அழகாக இருப்பதாலேயே நம்பிவிடுகிறோமே, அதுதான் ஆபத்து.

வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஓப்பன்ஃபோம் இலவச சாப்ட்வேர். அதனுடன் சேர்ந்து இயங்கும் ரியோடூல், படம் காட்டும் பாராவியூ இரண்டும் இலவசமே. லினக்ஸில் ஓடும், விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டபிள்யூ.எஸ்.எல். வசதி மூலம் ஓட்டலாம். சிறிய இரு பரிமாணக் கணக்குகளுக்குச் சாதாரண வீட்டு கம்ப்யூட்டரே போதும்.

விடை வந்ததும் இரண்டு சோதனைகள் அவசியம். கட்டங்களைப் பாதி அளவாக்கி மீண்டும் ஓட்டுங்கள். விடை பெரிதும் மாறினால் முதல் விடையை நம்பாதீர்கள். ரப்பர் குணத்தை மிகவும் குறைத்து ஓட்டுங்கள். சாதாரண திரவத்துக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள விடை வர வேண்டும்.

இரண்டிலும் தேறிய பிறகும் வேகம் போதவில்லை என்றால், அப்போது புதிய பிராசசர் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் வாங்கினால், தவறான விடை சீக்கிரமாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.