ஏரோப்ளேனும் வேணும், எங்க காடும் வேணும்



போன வாரம் சென்னையிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் கேட்டான். "ஏன் மாமா, வருஷத்துக்கு ஒருதடவை ஏரோப்ளேன்ல போறீங்களாமே, மரவள்ளிக் கிழங்குல அவ்வளவு காசா?" சிரிச்சுக்கிட்டுதான் கேட்டான். நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரி கட்டில்ல படுத்த பிறகும் அது மனசை விட்டுப் போகலை. அதான் இந்தப் பதிவு.

எனக்கு இந்தப் பைத்தியம் சின்ன வயசுலயே பிடிச்சது. களை வெட்டிக்கிட்டு இருக்கும்போது மேலே சத்தம் கேட்டா களைக்கொத்தைப் போட்டுட்டு அண்ணாந்து நின்னுருவேன். அப்பா திட்டுவார். பத்தாவது முடிச்ச வருஷம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனோம். எல்லாரும் மெரினாவுக்குக் கிளம்பினாங்க. நான் மாமாவை இழுத்துக்கிட்டு மின்சார ரயில்ல பரங்கிமலைக்குப் போனேன். படியேறி மேலே நின்னா மீனம்பாக்கம் ஓடுதளம் தெரியும். ஒரு மத்தியானம் பூரா அங்கேயே நின்னேன். காலணா செலவில்லை.

முதல்ல ஏறினது 2005-ல், கோவையிலிருந்து சென்னைக்கு. மலிவு விமானம் வந்த புதுசு. அக்கா மகன் இன்டர்நெட் சென்டர்ல உக்காந்து டிக்கெட் போட்டுக் குடுத்தான். வேட்டி சட்டையோட போய் ஜன்னல் ஓரம் உக்காந்தேன். மேலே போனதும் கீழே பார்த்தா வரப்பெல்லாம் கட்டம் போட்ட கோலம் மாதிரி இருக்கு. வெயில் பட்டு ஒவ்வொரு கிணறும் கண்ணாடித் துண்டா மின்னுது. தினமும் மிதிக்கிற மண்ணை மேலேயிருந்து பார்த்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்து சீட்டுக்காரர் நான் பயந்துட்டேன்னு நினைச்சு மிட்டாய் குடுத்தார்.

அந்த மலிவு டிக்கெட்டை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவரும் ஒரு விவசாயிதான். கேப்டன் கோபிநாத். ராணுவத்துல இருந்து வந்து, கர்நாடகாவுல ஹாசன் பக்கம் விவசாயம் பார்த்தவர். குடும்ப நிலம் ஹேமாவதி அணையில முங்கிப் போச்சு. அதுக்குப் பதிலா கிடைச்ச தரிசுல கூடாரம் போட்டுத் தங்கி, பட்டுப்பூச்சி வளர்த்தார். 2003-ல் ஏர் டெக்கான் ஆரம்பிச்சார். சூரரைப் போற்று படம் பார்த்தவங்களுக்கு மீதிக் கதை தெரியும். அந்த மாற்று நிலத்தை மட்டும் மறந்துராதீங்க. கடைசியில திரும்ப வருவேன்.

இப்ப அந்தப் பையனுக்கு என் கணக்கைச் சொல்றேன். ரெண்டு மூணு மாசம் முன்னாடியே டிக்கெட் போட்டுருவேன். பொங்கல், தீபாவளி பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். பை ஏழு கிலோவுக்குள்ள. கட்டுச்சோறு புளிசாதம். காலி பாட்டில் கொண்டு போய் சோதனை முடிஞ்ச பிறகு உள்ளே தண்ணி பிடிச்சுக்குவேன். ஜன்னல் சீட்டுக்கு மட்டும் தனியா காசு குடுப்பேன், அது ஒண்ணுதான் என் ஆடம்பரம். சொந்தக்காரங்களுக்குக் கொப்பரை கொண்டு போகலாம்னு நினைச்சுராதீங்க. எண்ணெய்ப் பசை இருக்கு, தீப்பிடிக்கும்னு விடமாட்டாங்க. ஒரு கிடாய் வித்த காசுல நானும் வீட்டுக்காரம்மாவும் போகும்போது பறப்போம், வரும்போது ரயில். அவ்வளவுதான் சாமி, கிழங்குல கொட்டுற காசு.

எங்க சேலம் கமலாபுரத்துல விமான நிலையம் இருக்கு. 2016-ல் மத்திய அரசு உடான் திட்டம் கொண்டு வந்தது. ஹவாய் செருப்பு போட்டவனும் விமானத்துல போகணும்னு சொன்னாங்க. சின்ன விமானத்துல ஒரு மணி நேரப் பயணம்னா பாதி சீட்டுக்குச் சுமார் 2,500 ரூபாய்தான் அப்ப உச்சவரம்பு. அதுல 2018 மார்ச்ல சேலம்–சென்னை விமானம் வந்தது. பஸ்ல ஆறேழு மணி நேரம் ஆகிற ஊருக்கு ஒரு மணி நேரத்துல போய் இறங்கினோம். 2021-ல் நின்னு போச்சு. திரும்ப வந்தது 2023 அக்டோபர்ல. கொரோனா ஒரு காரணம், ஒத்துக்கிறேன். ஆனா உடான்ல கம்பெனிக்கு அரசாங்கம் குடுக்கிற மானியமும் மூணு வருஷத்துக்குத்தான். மானியம் முடிஞ்சா, கட்டுப்படியாகாத ஊரை விட்டுக் கம்பெனி போயிரும். கிராமத்துக்கு வர்ற டவுன் பஸ் நஷ்டத்துல ஓடினாலும் ஓடுதே, ஏன்? ஜனங்களுக்கு வேணும்னுதானே. அந்த நியாயம் இதுக்கு மட்டும் ஏன் மூணு வருஷத்தோட முடியணும்?

இனி எனக்கு வலிக்கிற விஷயத்துக்கு வர்றேன். 2018-லயே இந்த விமான நிலையத்தைப் பெருசாக்க நாலு ஊர்ல சுமார் 570 ஏக்கர் கேட்டாங்க. விவசாயிங்க எதிர்த்துப் போராடினாங்க. அதுல எங்க பெரியப்பா மகன் தோட்டமும் ஒண்ணு. ஒருநாள் நான் ஊருக்குப் போய்ட்டு வந்த கதையை ஆசையா சொல்லிக்கிட்டு இருக்கேன். அண்ணன் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, "நீ ஏறி உக்கார்றதுக்குத்தான்டா என் காட்டைக் கேக்குறாங்க"ன்னார். கோபமாக்கூட சொல்லலை. எனக்குப் பதில் வரலை.

அப்புறம் பல நாள் யோசிச்சேன். இப்ப இருக்கிற ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர் போற ஏடிஆர் விமானத்துக்கு அது தாராளம். பெரிய ஜெட் வந்தா பூ வெளியூருக்குப் போகும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும்னு சொல்றாங்க. அதுல நியாயம் இல்லாம இல்லை, நானும் பூ போட்டவன்தான். ஆனா சின்ன விமானத்தையே வருஷம் பூரா நிக்காம ஓட்டிக் காட்டலையே? ஒரு கிணத்துத் தண்ணியை ஒழுங்கா பாய்ச்சத் தெரியாதவன் அடுத்த கிணறு வெட்டக் கடன் கேட்டா யாராவது குடுப்பாங்களா?

என் கருத்து இதுதான். முதல்ல இருக்கிற ஓடுதளத்துல விமானம் தினமும் தவறாம ஓடட்டும். அது நிரம்பி வழிஞ்ச பிறகு நிலத்தைப் பத்திப் பேசலாம். அப்பவும் கேட்டே ஆகணும்னா, பணத்தை மட்டும் பேங்க்ல போட்டுட்டுப் போயிராதீங்க. அதே பக்கத்துல, தண்ணி இருக்கிற நிலத்துக்கு நிலம் குடுங்க. கோபிநாத்துக்கு மாற்று நிலம்னு ஒண்ணு கிடைச்சதாலதான் அவர் விவசாயி ஆனார்.

நகரத்துல இருக்கிற சொந்தங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். அடுத்த தடவை விமானம் இறங்கும்போது செல்போனை வெச்சுட்டு ஜன்னல் வழியா கீழே பாருங்க. ஓடுதளம் முடியற இடத்துல பச்சையா ஒரு கட்டம் தெரியும். அதுல யாராவது களைக்கொத்தைப் போட்டுட்டு அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அந்த ஆளுக்கும் ஒரு நாள் ஜன்னல் சீட் கிடைக்கணும். காட்டைத் தொலைச்சுட்டு இல்லை, காட்டுல விளைஞ்ச காசுல.

இந்த வருஷக் கிடாய் நல்லா கொழுத்து நிக்குது. வீட்டுக்காரம்மா கொச்சி பார்க்கணும்ங்கிறா. பார்ப்போம்.