மரியாதை சீட்டு

போன மாதம் ரோச் பூங்காவில் எங்கள் சாயங்காலக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லப்போய், இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். இருவரும் என்னைவிட மூத்தவர்கள், நல்ல மனிதர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "வயசானவரை கார்ல முன்சீட்ல உக்கார வச்சி, சீட்டைச் சாய்ச்சி விடறது மரியாதை இல்ல அண்ணாச்சி, கொலைக்கு ஏற்பாடு." வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வாபஸ் வாங்குவதாக இல்லை. அங்கே சொல்லி முடிக்க விடவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ கார் கிளம்பும்போது "அப்பா முன்னால உக்காரட்டும்" என்று ஒரு குரல் வரும். கதவைத் திறந்து ஏற்றி, பக்கவாட்டில் உள்ள நெம்பை இழுத்து, முதுகுப் பலகையை வீட்டுச் சாய்வு நாற்காலி அளவுக்குச் சாய்த்துவிடுவார்கள். "நல்லா சாஞ்சி உக்காருங்க." இடுப்புக்கு ஒரு தலையணை. பெல்ட் என்றால், "செக்போஸ்ட் வந்தா போட்டுக்கலாம்." பெரியவருக்கும் திருப்தி, பிள்ளைக்கும் திருப்தி.

இப்படித்தான் நானும் நாலு வருஷத்துக்கு முன்னால் திருச்செந்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஒரு வித்தியாசம், நான் பெல்ட் போட்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பழையகாயல் தாண்டி ஒரு மாடு ரோட்டில் ஏற, முன்னால் போன லோடு ஆட்டோ நின்றது. மகன் பிரேக்கை அழுத்தினான், ஆனாலும் அதன் பின்னால் போய் இடித்தோம். பெரிய இடி இல்லை. காற்றுப்பை கூட விரியவில்லை. ஓட்டிய மகனுக்கு ஒரு கீறல் இல்லை. படுத்த வாக்கில் இருந்த நான் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி முன்னால் போனேன். இடுப்பில் இருந்த பட்டை வயிற்றில் ஏறி அறுத்தது. ஸ்கேன், சொட்டு மருந்து, இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி. "குடல் தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம் சார்" என்றார் டாக்டர். "பெல்ட் போட்டீங்க, சரி. படுத்துக்கிட்டு எதுக்குப் போட்டீங்க?"

எழுபது வயதுக்கு மேல் எனக்கு உட்காரச் சொல்லிக் கொடுத்தவர் அவர். இதை ஆங்கிலத்தில் 'சப்மரீனிங்' என்கிறார்கள், நீர்மூழ்கிக் கப்பல் போல ஆள் பட்டைக்கு அடியில் போய்விடுவது. மூன்று முனைப் பெல்ட் என்பது 1959இல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் என்ற இஞ்சினியர் வடிவமைத்தது. மனித உடம்பில் அடி தாங்கக்கூடிய இரண்டு இடங்களை அது பிடிக்கிறது: இடுப்பெலும்பு, மார்புக்கூடு. சீட்டைச் சாய்த்தவுடன் மேல்பட்டை மார்பை விட்டு விலகிக் காற்றில் தொங்கும், கீழ்ப்பட்டை தொப்பைக்கு ஏறும். அடி தாங்கவே முடியாத இடத்தில் முழு வேகமும் இறங்கும். பெல்ட்டும் சீட்டும் தனித்தனிச் சாமான்கள் அல்ல, ஒன்று கோணினால் மற்றது கெடும்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். கார்களைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லித்தரவில்லை, ஆனால் ஒரு சொல் மனதில் நின்றுவிட்டது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைப் பிரெஞ்சுக்காரர்கள் பேச்சு வழக்கில் 'லா பிளாஸ் து மோர்' என்பார்கள். செத்தவன் இடம். ஆபத்து வந்தால் ஓட்டுகிறவன் தன்னையறியாமல் தன் பக்கத்தைக் காப்பாற்றத் திருப்புவான், அடி பக்கத்து இருக்கைக்காரனுக்கு என்று எங்கள் வாத்தியார் விளக்கினார். அவர்கள் செத்தவன் இடம் என்று பெயர் வைத்ததற்கு நாம் மரியாதை இடம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த நாட்டில் முன்சீட்டுப் பெல்ட் 1973இலேயே ஊருக்கு வெளியே கட்டாயமானது, பின்சீட்டுக்கு 1990இல். பெயரைச் சொல்லிப் பயமுறுத்தியதோடு நிற்கவில்லை அவர்கள்.

"அம்பாசிடர் காலத்துல இதெல்லாம் எங்கே இருந்துச்சு? நாம செத்தா போனோம்?" என்று ரோச் பூங்காவில் கேட்டார்கள். நானும் அம்பாசிடரில் போனவன்தான். துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அதிகாரி பின்னால், வெள்ளைத் துண்டு விரித்த சீட்டில். முன்னால் ஒரே நீளப் பலகை சீட்டு, அதில் டிரைவர், நடுவில் மடியில் ஃபைலோடு நான், ஓரத்தில் பியூன். கியர் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்ததால்தான் நடுவில் எனக்கு இடம். பெல்ட் இல்லை, தலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. உண்மை. ஆனால் அந்தக் காலத்து ரோடும் வேகமும் வேறு. இன்று வாகைக்குளம் வழியாகத் திருநெல்வேலி போகும் நாலு வழிச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 90, 100 என்று போகிறோம். இன்னொன்று, "எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று சொல்ல இருப்பவர்கள் எல்லாம் ஆகாதவர்கள்தானே? ஆனவர் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சட்டென்று நின்றால், பெல்ட் இல்லாத உடம்பு அதே 60இல் முன்னால் போகும். அந்த வேகம் சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் கிடைக்கும் வேகம். நாலு மாடிக்கு மேல். பள்ளிக்கூடக் கணக்குதான், பேரனை விட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஓட்டுகிறவர் விஷயம். எங்கள் வீட்டில் ஒரு கார், ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். மகன் ஆறடி, பேத்தி ஐந்தடிக்குச் சற்று மேல். பேத்தி ஓட்டினால் மறுநாள் காலையில் சண்டை: "என் சீட்டை யார் மாத்தினது?" முதலில் நான் மகன் பக்கம். அலுவலகத்தில் தலைமை எழுத்தர் நாற்காலியை நகர்த்தினாலே விசாரணை வைத்த காலத்து ஆள் நான். பிறகு அந்தப் பெண் செய்வதை உட்கார்ந்து கவனித்தேன். முதலில் இடுப்பை சீட்டின் மூலை வரை தள்ளி உட்காருகிறாள். கிளட்ச்சை அடி வரை மிதித்து, அப்போதும் முட்டி லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்துகிறாள். 'டக்' என்று பூட்டும் சத்தம் கேட்டபின், உடம்பால் ஒரு தடவை அசைத்துப் பார்க்கிறாள். உயரம் கூட்டுகிறாள், முன்கண்ணாடி வழியே ரோடு தெரிய. முதுகுப் பலகையை நிமிர்த்தி, தோள் பின்னால் ஒட்டியிருக்க, கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டீயரிங்கின் உச்சியில் வைத்துப் பார்க்கிறாள். எட்டினால் சரி. அப்புறம் மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று ஒரு சாண், அதற்கு மேல் நாலு விரல் வைத்து அளக்கிறாள். அந்த நடுவில்தான் காற்றுப்பை இருக்கிறது, கண் மூடித் திறப்பதற்குள் விரியும். ஒட்டி உட்கார்ந்தால் காப்பாற்ற வந்ததே நெஞ்சில் குத்தும். குட்டையான பெண்கள் பயத்தில் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. பின்பக்கக் கண்ணாடிகளைத் திருத்துவது கடைசியில். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் ஆகாது.

மகன் இதே சரிசெய்தலை வண்டி ஓடும்போது செய்வான். ஒரு கையால் அடிக்கம்பியை இழுத்து, சீட்டோடு சறுக்குவான். சீட்டு ஒரு சாண் பின்னால் போனால் கால் பிரேக்கை விட்டுப் போகும் என்று பேத்தி சொன்ன பிறகுதான் நிறுத்தினான். நான் சொல்லி நிறுத்தவில்லை.

சங்கு குளிக்கப் போகிறவர்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்தில் கயிற்றை மேலே பிடிப்பது மச்சான் என்பார்கள், அக்கா தங்கை தாலிக்கு அவன்தான் ஜவாபு. சொந்த மச்சான் பிடித்தாலும் கயிற்றைச் சரிபார்க்காமல் குதித்தவர் உண்டா? அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்றதில்லை. கார் சீட்டைச் சரிசெய்கிறவனை மட்டும் "ரொம்பத்தான் அலட்டறான்" என்கிறோம்.

பின்சீட்டுக்கு வருவோம், என் கோபம் முழுக்க அங்கேதான். கல்யாண வாடகைக் காரில் ஏறிப் பெல்ட்டை இழுத்தால் பட்டை வரும், மாட்டுவதற்குக் கொக்கி இருக்காது. தேடினால் புது சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். "யாரும் கேக்கறதில்ல சார்" என்பார் டிரைவர். தலைக்குப் பின்னால் இருக்கும் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றி டிக்கியில் போட்டிருப்பார்கள், பின்னால் பார்க்க மறைக்கிறதாம். அந்தச் சாமானுக்குப் பெயரே தப்பு. பிரெஞ்சிலும் அதே தப்புதான், 'அப்புயி-தெத்', தலை சாய்க்க என்று. அது தூங்குவதற்கு அல்ல. பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தால் தலை பின்னால் மடங்கிக் கழுத்து நொறுங்காமல் இருக்க. அதன் உச்சி நம் தலை உச்சி அளவுக்காவது வர வேண்டும், தலைக்கு ஒட்டினாற்போல இருக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் கார்களில் அது பிடரிக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

2022 செப்டம்பர் 4 ஞாபகம் இருக்கிறதா? டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் ஒரு பாலத்தில் கார் மோதி இறந்தார். விலை உயர்ந்த கார்தான். முன்னால் இருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் பிழைக்கவில்லை. பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்று மோட்டார் வாகன விதி அதற்கு முன்பே இருந்தது. மீறினால் 1000 ரூபாய் அபராதமும் இருந்தது. அந்த வருஷம் பெல்ட் போடாமல் நாட்டில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கை. கிட்டத்தட்டச் சரிபாதி பேர், 8,331, ஓட்டியவர்கள் அல்ல. உட்கார்ந்து போனவர்கள், நம்மைப் போல.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்துவதை நிறுத்த ஒரு இரும்பு நாக்கை இணையத்தில் விற்றார்கள், நாம் வாங்கினோம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. தன் சாவைத் தடுக்கும் மணியை நிறுத்தக் காசு கொடுத்துச் சாமான் வாங்கிய ஜனங்கள் நாம்.

குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காரும் பாட்டிமார்களுக்கும் ஒன்று. உங்கள் அன்பில் குறை இல்லை அம்மா. ஆனால் அந்த 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது எந்தக் கையும் பிள்ளையைப் பிடித்து வைக்காது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்று 2019 திருத்தச் சட்டமே சொல்கிறது. பின்னோக்கிய குழந்தை இருக்கையை, காற்றுப்பை வேலை செய்யும் முன்சீட்டில் வைக்கவே கூடாது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் நமக்கு முதுகு வலிக்கிறது. எனக்கும்தான். அதற்கு வழி படுப்பதல்ல. இடுப்பு வளைவுக்கு ஒரு சின்னத் துண்டை உருட்டி வைக்கலாம். பெரிய தலையணையும் மணி கோத்த விரிப்பும் வேண்டாம், வழுக்கும். பின்பாக்கெட்டில் இருக்கும் தடித்த பர்ஸை எடுத்து முன்னால் வையுங்கள், பாதி வலி போகும், சொந்த அனுபவம். முன்சீட்டை டாஷ்போர்டிலிருந்து நன்றாகப் பின்னுக்குத் தள்ளுங்கள், முதுகுப் பலகையை மட்டும் நிமிர்த்துங்கள். கீழ்ப்பட்டை வேட்டி மடிப்புக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில். மேல்பட்டை கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவில். கழுத்தை அறுத்தால் கதவுத்தூணில் ஏற்றி இறக்கும் வசதி பல கார்களில் இருக்கிறது, பாருங்கள். சேலை கசங்குகிறது என்று பட்டையை அக்குளுக்கு அடியில் விடுவது விலா எலும்பை முறிக்கும் வேலை. இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி இறங்கி நடங்கள். சர்க்கரை இருக்கிற கால்களுக்கு அதைவிட மருந்து இல்லை, டீயும் கிடைக்கும்.

பேசாமல் இருந்த இருவரில் ஒருவர் முந்தாநாள் வாயைத் திறந்தார். "என்ன வே பிரெஞ்சுக்காரரே, அடுத்த வாரம் நாகர்கோயில் கல்யாணத்துக்குக் கார் பேசியிருக்கேன். நீரும் வாரீரா?" வருகிறேன் என்றேன். முன்சீட்டு அவருக்கே. நான் ஒரு மணி நேரம் முன்னதாக, கையில் கத்தரிக்கோலோடு போகிறேன். பின்சீட்டுக் கொக்கி மூன்றும் வெளியே வந்தால்தான் வண்டி கிளம்பும். புதுக் கவருக்கு ஆகும் பணத்தை என் பென்ஷனிலிருந்து டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன்.