எதைக் குறைத்தால் எளிமை?

ஒரு வீடியோ கேமை 'எளிமையான ஆர்பிஜி' (கதாபாத்திரமாக மாறி ஆடும் ஆட்டவகை) என்று சொன்னாலே, நன்கு பழகிய ஆட்டக்காரர்கள் பலர் அது சிறுபிள்ளைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதை விரும்புகிறவர்களோ, எளிமைதானே அதன் அழகு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எளிமையாக்கும்போது ஆட்டத்திலிருந்து எதை எடுத்தார்கள் என்ற கேள்வியை இரு தரப்புமே கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்த்தால்தான் எந்த ஆட்டத்தைப் பற்றியும் நியாயமாகப் பேச முடியும்.

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1992-இல் சூப்பர் நின்டெண்டோவுக்காக அமெரிக்காவில் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி மிஸ்டிக் குவெஸ்ட்'டை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஆர்பிஜி கொடிகட்டிப் பறந்த காலம் அது. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அந்த வகை இன்னும் பழகியிருக்கவில்லை. அவர்களை உள்ளே அழைத்துவரவே இந்த ஆட்டம் உருவானது. விலையும் 39.99 டாலர்தான்.

நல்ல யோசனைகளுக்குக் குறைவில்லை. அக்கால ஆர்பிஜிகளில் நடந்துகொண்டிருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத எதிரி திடீரென்று பாய்வான். இதில் எதிரிகள் கண்ணெதிரே நிற்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளலாம். தோற்றுப்போனால் அந்தச் சண்டையை மட்டும் மறுபடி தொடங்கலாம். கோடரி மரத்தை வெட்டும், வெடிகுண்டு அடைத்த வழியைத் திறக்கும். அடிபட அடிபட எதிரியின் உருவமே மாறும். நாயகன் பெஞ்சமின் விளங்காத பேச்சைக் கேட்டுத் தோளைக் குலுக்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ரியூஜி சாசாயும் யாசுஹிரோ கவகாமியும் அமைத்த ராக் இசையை, ஆட்டத்தைப் பிடிக்காதவர்கள்கூடப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு முழுக்கத் தகும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆர்பிஜியின் சுவையே முடிவெடுப்பதில்தான்: எந்த வாளை வாங்குவது, யாரைக் கூட்டிச் செல்வது, யாரை எப்படி வளர்ப்பது. மிஸ்டிக் குவெஸ்ட் இவற்றில் பெரும்பாலானதை ஆட்டக்காரரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. புதிய வாள் கிடைத்தால் பழையதன் இடத்தில் தானாகவே வந்துவிடும். துணைக்கு ஒரே ஒருவர். அவர் யார், எப்போது வருவார், எப்போது போவார் என்பதெல்லாம் கதையின் முடிவு. அவர் சார்பில் சண்டை போடுவதையும் கணினியிடமே விட்டுவிடலாம். ஆனால் ஆர்பிஜியில் அலுப்புத் தட்டும் பகுதி, அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் சண்டைகள், அப்படியே தங்கிவிட்டன. எதிரிகள் அசையாமல் வழியை மறித்து நிற்பதால் பல இடங்களில் விலகிப் போகவும் வழியில்லை. உலக வரைபடத்தில் ஆங்காங்கே போர்க்களங்கள், ஒவ்வொன்றிலும் 10 சண்டைகள். சுவையை எடுத்துவிட்டுச் சுமையை வைத்துவிட்டார்கள். குறை சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். 'சிறுபிள்ளை ஆட்டம்' என்பது குறையே அல்ல.

அதே ஸ்கொயர் 1996-இல் நின்டெண்டோவுக்காக உருவாக்கிய 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி'யும் எளிமையானது, விளையாட்டுத்தனமானது. மிஸ்டிக் குவெஸ்டின் கதையில் பங்கேற்ற யோஷிஹிகோ மாயேகாவா இதன் இயக்குநர்களில் ஒருவர். இங்கேயும் எதிரிகள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். லெவல் 30-க்கு மேல் போகாது. சிறப்புத் தாக்குதல்களுக்கான புள்ளிகள் ஆளுக்குத் தனியாக இல்லை, குழு முழுவதற்கும் பொது. இத்தனை குறைத்த பிறகும், அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் அடி வலுக்கும். எதிரி அடிக்கும்போது சரியாக அழுத்தினால் காயம் குறையும். இதனால் மிகச் சாதாரணச் சண்டையிலும் கண்ணும் கையும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. லெவல் ஏறும் ஒவ்வொரு முறையும் உடல் வலுவா, உயிரா, மந்திரமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஆட்டக்காரருக்கே. நகைச்சுவையும் கதையோடு ஒட்டி வருகிறது. கோட்டையைப் பறிகொடுத்த பவுசர், தன் பரம எதிரியான மாரியோவின் குழுவிலேயே வீறாப்புக் குறையாமல் சேர்ந்துகொள்கிறான். வாய் பேசாத மாரியோ, நடந்ததையெல்லாம் நடித்தே காட்டுகிறான்.

தேர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் சுலபமாகவே இருக்கும். அந்தக் குறை உண்மையானது, மறுப்பதற்கில்லை. 2023-இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த மறு ஆக்கம் அதற்கு நல்ல பதில் ஒன்றை வைத்திருக்கிறது. புதியவர்களுக்கு எப்போது அழுத்த வேண்டும் என்று திரையில் ஆச்சரியக்குறி காட்டுகிறது. கதை முடிந்த பிறகும் விளையாட விரும்புகிறவர்களுக்கு, முன்பு தோற்கடித்த பெரிய எதிரிகள் (பாஸ்கள்) சிலரைப் பன்மடங்கு கடினமாக்கித் திரும்ப அனுப்புகிறது.