வண்டி ஏன் முக்குகிறது?

பண்ருட்டிப் பக்கத்து அண்ணாகிராமத்துக்கு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கடலூரிலிருந்து கிளம்பினோம். பதினைந்து வயதான டர்போ டீசல் கார். நெல்லிக்குப்பம் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. மிதித்தால் கறுப்புப் புகைதான், இழுவை இல்லை. வழியில் ஒரு மெக்கானிக், "டர்போவே போச்சும்மா, மாத்தணும்" என்றார். தொகையைக் கேட்டதும் எனக்கும் மூச்சு வாங்கியது!

சகோதரிகளே, உடனே தலையாட்டிவிடாதீர்கள். டர்போ என்பது, எஞ்சின் விடும் புகையின் வேகத்திலேயே சுழன்று, அதற்குக் காற்றை அழுத்தித் தரும் விசிறி. அந்தக் காற்று போகும் ரப்பர் குழாய் கிழிந்தால் காற்று வெளியேறும். டீசல் அரைகுறையாக எரிந்து கரியாகும். ஆகவே கறுப்புப் புகையென்றால் முதலில் ஏர் பில்டரையும் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றபடியே வண்டி குலுங்கினால் டீசல் பில்டர், இன்ஜெக்டர். நீலப் புகையென்றால் ஆயில் எரிகிறது. அப்போது டர்போவைச் சந்தேகிக்கலாம்.

"குழாயைப் பாருங்களேன்" என்றேன். அடிப்பக்கம் ஆயில் பிசுக்கு, அங்கேதான் கிழிசல்! பண்ருட்டியில் புதுக் குழாய் மாட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மிச்சப்பட்ட பணத்தில் கொஞ்சம் மொய்க்குப் போயிற்று; மீதி பத்திரமாக என் பையில்!